பக்கத்து டென்ட்டும் தூங்க வேண்டும்: யோசெமிட்டி கேம்ப்பிங்கில் எதற்குப் பதில் எது?

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், பள்ளத்தாக்குப் பகுதியில் உள்ள அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில் ஒரு சைட்டுக்கும் (டென்ட் போட ஒதுக்கிய இடம்) அடுத்த சைட்டுக்கும் நடுவே சுவரோ வேலியோ கிடையாது. சில மரங்கள், ஒரு பிக்னிக் மேஜை, அவ்வளவுதான். டென்ட் துணி வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கும். சத்தத்தையும் புகையையும் துளிகூடத் தடுக்காது. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்பது விதி. அந்த விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றிவிட்டு, மீதி பதினாறு மணி நேரமும் பக்கத்தாரைப் படாதபாடு படுத்த முடியும். எந்தச் சாமானைக் கொண்டுபோகிறோம், அதை எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கலிபோர்னியாவில் மூன்று நான்கு குடும்பமாகச் சேர்ந்து கிளம்பும் நம்மவர்களை மனதில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று எது என்று பார்ப்போம்.

மூன்று தனி சைட்டா, ஒரு குரூப் சைட்டா?

சாதாரண சைட் ஒன்றில் குழந்தைகளையும் சேர்த்து 6 பேர், 2 வண்டி. பதினைந்து பேர் என்றால் மூன்று சைட் போட வேண்டும். அவை அடுத்தடுத்துக் கிடைப்பது அபூர்வம். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே: சமையலும் அரட்டையும் ஒரே சைட்டில், பதினைந்து பேரும் அங்கே. பிள்ளைகள் சுற்றுப் பாதையை விட்டு, நடுவில் இருக்கும் யாரோ ஒருவரின் சைட்டுக்குள் புகுந்து ஓடுவார்கள், அவர் டென்ட் கயிற்றில் தடுக்கியும் விழுவார்கள். அடுத்தவர் சைட்டின் குறுக்கே நடப்பது, கேட்காமல் அவர் வீட்டு முற்றத்தில் நுழைவதற்குச் சமம்.

குரூப் சைட் 13 முதல் 30 பேருக்கானது. ஹாட்ஜ்டன் மெடோ, வவோனா போன்ற இடங்களில் இருக்கிறது. பள்ளத்தாக்குக்கு அங்கிருந்து முக்கால் மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும் என்பது குறை. ஆனாலும் பெரிய கூட்டத்துக்கு அதுதான் சரி. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் கூட்டமாக வந்தவர்களாக இருந்தால் பகல் சத்தத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பத்து மணிக்கு மேல் அங்கேயும் அந்தாக்ஷரி கிடையாது. பன்னிரண்டு பேருக்குள் என்றால் இரண்டு சைட் போதும். சாப்பாட்டுக்கு ஒன்றில் கூடினாலும், இருட்டியதும் அவரவர் இடத்துக்குப் போய்விடுவது நல்லது.

ஜெனரேட்டரா, பேட்டரியா?

யோசெமிட்டி சைட்டுகளில் மின் இணைப்பு இல்லை. ஜெனரேட்டருக்குக் காலை 7–9, மதியம் 12–2, மாலை 5–7 என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் பொது விதிப்படி, 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஹோண்டா இயூ2200ஐ போன்ற மூடிய இன்வெர்ட்டர் வகை 48 முதல் 57 டெசிபல்தான்; சட்டப்படி தப்பில்லை. கட்டுமான வேலைக்கு வாங்கிய திறந்த சட்ட வகை 70-ஐத் தாண்டும். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

உண்மையான சிக்கல் சத்தம்கூட அல்ல. கார்பன் மோனாக்சைடு அபாயம் இருப்பதால் ஜெனரேட்டரை ஆட்கள் இருக்கும் இடத்திலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். சின்ன சைட்டில் உங்கள் டென்ட்டிலிருந்து 20 அடி தள்ளினால், பக்கத்தார் டென்ட்டின் தலைமாட்டில் போய் நிற்கும். இதற்கு நல்ல தீர்வே கிடையாது.

ஆயிரம் வாட்-மணி பவர் ஸ்டேஷன் (கையில் தூக்கிப்போகும் பெரிய பேட்டரிப் பெட்டி) இதைவிட எவ்வளவோ தேவலை. கணக்கைப் பாருங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் சிபாப் (CPAP) கருவி, ஈரப்பதம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால், 30–40 வாட். எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 வாட்-மணி. போன் ஒன்றுக்கு 15 முதல் 20. மூன்று கப் ரைஸ் குக்கர் 400 வாட் என்றால் அரை மணி நேரத்துக்கு 200. இன்வெர்ட்டரே பத்துப் பதினைந்து சதவீதத்தைத் தின்றுவிடும் என்பதால், சிபாப்பை 12 வோல்ட் வயரில் நேரடியாக இணைப்பது லாபம். இரண்டு இரவு தாங்க இது போதும், ஹீட்டரும் கெட்டிலும் கொண்டுவராத வரை.

திரும்ப சார்ஜ் ஏற்றுவதில்தான் பலர் ஏமாறுவார்கள். பைன் நிழலில் 100 வாட் சோலார் தகடு பெயருக்குத்தான் வேலை செய்யும். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சுமார் 100 வாட்-மணி ஏறும். ஊர் சுற்றப் போகும்போது இணைத்துவிடலாம். சைட்டில் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு ஏற்றுவது, ஜெனரேட்டரை விட மோசம். மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டாரையும் கணக்கில் எடுங்கள்: அது அலறும் அலறலுக்கு, இருட்டுவதற்குள் அடித்து முடித்துவிட வேண்டும்.

குக்கர் விசில்

பிரஷர் குக்கரே வேண்டாம் என்று சொல்வது சுலபம். ஆனால் மலையில் அதற்கு வேலை இருக்கிறது. பள்ளத்தாக்கு சுமார் 4,000 அடி உயரம், அங்கே தண்ணீர் 96 டிகிரியில் கொதிக்கும். பூங்காவின் மேட்டுப் பகுதியான டுவாலமி மெடோஸ் 8,600 அடி. அங்கே 91 டிகிரிதான். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் வேகும், குழையாது. ரைஸ் குக்கருக்கும் இதே கதி: தண்ணீர் வற்றியதும் அது தானே அணைந்துவிடும், அரிசி நடுவில் விதையாகவே நிற்கும். ஒரு கப் அரிசிக்குக் கால் கப் தண்ணீர் கூடுதலாக விட்டால் ஓரளவு சரியாகும்.

எனவே குக்கர் வரட்டும், விசில் வேண்டாம். பருப்பை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். ஆவி நேராகப் பீறிட்டதும் வெயிட்டைப் போட்டு, முதல் விசிலுக்கு முன், வெயிட் லேசாக ஆடத் தொடங்கும்போதே தீயைக் கடைசி அளவுக்குக் குறைத்து 15 நிமிடம் விடுங்கள். பிறகு தானாக அடங்கட்டும்; கரண்டியால் வெயிட்டைத் தூக்கினால் வரும் சீற்றம் விசிலை விடக் கொடுமை. கேம்ப் ஸ்டவ்வில் சிறு தீ காற்றுக்கு அணைந்துபோவதால்தான் எல்லோரும் பெரிய தீயில் வைத்து விசில் எண்ணுகிறார்கள். அடுப்பின் பக்கத் தகடுகளைத் தூக்கி நிறுத்தி, திறந்த பக்கம் காற்று வீசி வரும் பக்கத்துக்கு மறுபுறம் இருக்கும்படி வைத்தால் அணையாது. அடுப்பையும் சிலிண்டரையும் சேர்த்துச் சுற்றி அலுமினியத் தாள் கட்ட வேண்டாம், சிலிண்டர் சூடேறிவிடும்.

தாளிப்பை வீட்டிலேயே செய்து டப்பாவில் கொண்டுவருவது உத்தமம். மிளகாய் வற்றல் கருகினால் லூப் (ஒரே சுற்றுப் பாதையில் இருக்கும் சைட்டுகள்) முழுக்க இருமும்.

விறகா, கேஸா?

சமைக்க கேஸ், குளிர்காய விறகு. இதில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு பவுண்டு பச்சை புரோப்பேன் சிலிண்டர் ஒரு பர்னரை முழுத் தீயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எரிக்கும். வார இறுதிக்கு மூன்று வைத்துக்கொண்டால் கவலையில்லை.

விறகில்தான் பக்கத்தாருக்குத் தொல்லை கொடுக்க நிறைய வழி. கோடையில் பள்ளத்தாக்கில் மாலை 5 முதல் இரவு 10 வரைதான் தீ மூட்டலாம், அதுவும் சைட்டில் இருக்கும் இரும்பு வளையத்துக்குள். கீழே கிடக்கும் சுள்ளி, பைன் காய் எதையும் அங்கே பொறுக்கக் கூடாது. அதற்காக வீட்டிலிருந்து விறகைக் கட்டிக்கொண்டு போவதும் தப்பு. மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடுதான் ஊர் மாறுகின்றன. 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட எமரால்ட் ஆஷ் போரர் அப்படித்தான் மாநிலம் மாநிலமாகப் பரவியது. எரிக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாங்க வேண்டும், காய்ந்ததா என்று பார்த்தும் வாங்க வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்டால் காய்ந்தது. ‘தொப்’ என்றால் ஈரம், புகையும்.

கொழுந்து விட்டு எரியும் தீயை விட, கனன்றுகொண்டிருக்கும் கட்டைதான் அதிகப் புகை விடும். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியிலேயே தேங்குவதால், அந்தப் புகை மேலே போகாமல் டென்ட்டுகளின் உயரத்திலேயே நிற்கும். பத்து மணிக்குப் பெரிய கட்டையை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போவதுதான் கேம்ப்கிரவுண்டில் செய்யக்கூடிய மோசமான காரியம் என்பேன், சத்தமான பாட்டை விட. ஒன்பது மணிக்குப் பிறகு புதுக் கட்டை போடாதீர்கள். பத்துக்கு முன் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

விளக்கு, பாத்திரம், லாக்கர்

ஆயிரம் லூமென் லாந்தரை மேஜை நடுவில் வைப்பதைவிட, 150 லூமென் மஞ்சள் விளக்கைக் கண் மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டால் சாப்பிட வசதி, பக்கத்தாருக்கும் நிம்மதி. கழிப்பறைக்கு நடக்க ஹெட்லேம்ப்பின் சிவப்பு வெளிச்சம் போதும்.

பாத்திரத்தைப் பொதுக் குழாயடியில் தேய்க்கக் கூடாது. சோற்றுப் பருக்கைக்குக் குளவி வரும், கரடியும் வரும். இரண்டு டப் வைத்து சைட்டிலேயே கழுவி, நீரை வடிகட்டி, மிச்சத்தைக் குப்பையில் போட்டு, நீரை அதற்கென்று உள்ள தொட்டியிலோ ஃபிளஷ் டாய்லெட்டிலோ ஊற்றுங்கள்.

உணவை இரவில் காரில் வைக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. 1998-ல் யோசெமிட்டியில் கரடிச் சம்பவங்கள் 1,500-ஐத் தாண்டின, பெரும்பாலும் கார் உடைப்பு. சைட்டில் இருக்கும் இரும்பு லாக்கரில் வைப்பது கட்டாயம். உள்ளளவு 33 அங்குல ஆழம், 45 அகலம், 18 உயரம். 18 அங்குலத்துக்கு மேல் உயரமான ஐஸ் பெட்டி நுழையாது, கடையிலேயே அளந்து வாங்குங்கள். ஹாஃப் டோம் ஏற விடியலுக்கு முன் கிளம்புபவர்கள் இந்தக் கதவைப் ‘படார்’ என்று சாத்துவதில்தான் பாதி லூப் விழிக்கிறது. வழியில் சாப்பிடுவதை முந்தின இரவே ஒரு பையில் கட்டி லாக்கரின் முன்வரிசையில் வையுங்கள். கதவைக் கையால் தாங்கி மூடி, தாழை விரலால் தள்ளுங்கள். காரை ரிமோட்டில் பூட்டினால் ஹாரன் கத்தும். கதவில் இருக்கும் பட்டனையோ சாவியையோ பயன்படுத்துங்கள்.