அடிக்கடி விழும் ட்ரிப் சுவிச்: சில வருடப் பாவனையில் கண்டது

கொக்குவிலில் எங்கள் வீட்டு வயரிங்கை மாற்றியபோது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் ஒன்றும் போட்டோம். இத்தனை வருடப் பாவனைக்குப் பிறகு யாராவது கேட்டால், வீட்டு மின்சாமான்களில் இதற்குக் கொடுத்த காசுதான் மிகப் பிரயோசனமான காசு என்று தயங்காமல் சொல்வேன்.

லைனில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்காவது கசிந்து நிலத்துக்குப் போனால் உடனே விழுந்து கரண்டை வெட்டிவிடும். ஓவர்லோடைப் பார்ப்பது இதன் வேலை இல்லை, அதற்கு எம்சிபி என்ற தனி பிரேக்கர் இருக்கிறது.

போன மாரியில் இது இரவு நேரங்களில் விழத் தொடங்கியது. மழை என்பதால் எல்லோருக்கும் கிணற்றடி மோட்டர் மேல்தான் சந்தேகம். மோட்டரின் இணைப்பை முழுதாகக் கழற்றிய பிறகும் விழுந்தது. பார்க்க வந்த வயர்மன், "ஐயா, இதைக் கழட்டிப்போட்டு நேராக் குடுத்துவிட்டா இந்தக் கரைச்சல் இருக்காது" என்றார். நான் சம்மதிக்கவில்லை. அம்மா ஈரக் கையோடு மோட்டர் சுவிச்சைப் போடுகிற வீடு இது. கசிவு இருப்பதாகச் சொல்லும் ஒன்றைக் கழற்றிவிட்டால் கசிவு அப்படியே இருக்கும், சொல்வதற்குத்தான் ஆள் இருக்காது.

அடுத்து வந்த தம்பி நிதானமானவர். எல்லாப் பிளக்குகளையும் கழற்றச் சொன்னார். சுவிச்சை நிறுத்தினால் போதாதாம். சாதாரண சுவிச் லைனை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் பக்கம் சாமானின் பொடியில், அதாவது வெளி உலோகத்தில், முட்டிக்கொண்டிருந்தால் நிறுத்திய சாமானாலும் ட்ரிப் விழும். பிறகு ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தோம். ஒன்றும் விழவில்லை! அப்போதுதான் அவர் பிரிட்ஜைக் கேட்டார். ஐஸ் கட்டாத வகைப் பிரிட்ஜில் ஐஸை உருக்க ஒரு ஹீற்றர் இருக்கிறது. அது சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறைதான் வேலை செய்யும். குத்தியவுடன் பிழை தெரியாததற்குக் காரணம் அதுதான். மீன், பால் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு இரவு முழுக்கப் பிரிட்ஜைக் கழற்றி வைத்தோம். ட்ரிப் விழவேயில்லை.

மறுநாள் பின்தட்டைத் திறந்தபோது, ஹீற்றரின் ஒரு முனை ரப்பர் வெடித்து உள்ளே ஈரம் பளபளத்தது. கசிவைப் பார்க்கிற 500 வோல்ற் மெகர் என்ற மீற்றரை வைத்தால் குறைந்தது 1 மெகா ஓம் ஆவது காட்ட வேண்டும், இது கிட்டத்தட்டப் பூச்சியம் காட்டியது. ஹீற்றரை மாற்றியதோடு சரி.

இதே நிலை உங்கள் வீட்டில் வந்தால், திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். மெயின் பெட்டியை நீங்களே திறக்கவும் வேண்டாம். இன்னொன்று: ஒரு கையில் லைனும் மறுகையில் நியூட்ரலும் பட்டால் இந்தச் சுவிச்சுக்கு அது தெரியாது, அந்தக் கரண்ட் கசிவாகக் கணக்கில் வராது.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமர்த்திப் பார்க்கிறோம். அந்தப் பட்டன் எர்த் கம்பியைச் சோதிக்காது. எர்த் அறுந்திருந்தால், மோட்டர் பொடியில் கரண்ட் ஏறியிருந்தாலும் யாராவது தொடும்வரை சுவிச் விழாமல் இருக்கலாம். அதனால் கிணற்றடி மோட்டரின் எர்த்தை மாரிக்கு முன்னரே அந்தத் தம்பியைக் கூப்பிட்டு மீற்றர் வைத்துப் பார்க்கிறோம்.