கிட்னி தேடும் விளம்பரம்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

கொழும்பில் ஒருவருக்குச் சிறுநீரகம் தேவை என்று டொக்டர் சொன்னதும் வீட்டார் முதலில் ஓடுவது பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதிக்கு. அடுத்தது பேஸ்புக். பிறகு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கொமியூனிகேஷனில் (போட்டோக்கொப்பி, பிரிண்ட் எடுக்கும் கடை) ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம். சொந்தபந்தத்திடம் ஒழுங்காகக் கேட்பது கடைசியில்தான் வரும். சில வீடுகளில் அது வருவதே இல்லை. செலவை வைத்துப் பார்த்தாலும் பலனை வைத்துப் பார்த்தாலும் இந்த வரிசை தலைகீழானது.

பத்திரிகை விளம்பரத்துக்குப் பத்துக்கு இரண்டு புள்ளி கொடுக்கலாம். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு அறவிடுவதால் ஆட்கள் வரிகளைக் குறைப்பார்கள். குறைத்த பிறகு மிஞ்சுவது இதுதான்: "ஓ பொசிட்டிவ் சிறுநீரகம் அவசரமாகத் தேவை. தகுந்த சன்மானம் வழங்கப்படும்." கீழே நோயாளியின் கைபேசி இலக்கம்.

இத்தனை சிறிய விளம்பரத்தில் மூன்று பிழைகள். சிறுநீரக மாற்றத்துக்கு பொசிட்டிவ், நெகட்டிவ் முக்கியமில்லை. ஏ, பி, ஓ வகை பொருந்தினால் போதும். ஓ வகை நோயாளிக்கு ஓ மட்டும். ஏ வகைக்கு ஏ அல்லது ஓ. பி வகைக்கு பி அல்லது ஓ. ஏபி என்றால் யாரிடமும் பெறலாம். "பொசிட்டிவ்" என்று போட்டால் ஓ நெகட்டிவ்காரர் தன்னால் முடியாது என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். இரண்டாவது பிழை பெரியது. மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது தொடர்பான 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். "சன்மானம்" என்று அச்சில் போடுவது நீங்களே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

மூன்றாவது, அந்தத் தொலைபேசி இலக்கம். விளம்பரம் வந்ததும் அழைப்பு வரத்தான் செய்யும், பெரும்பாலும் தரகரிடமிருந்து. "ஆள் இருக்கு, டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுது, அட்வான்ஸ் போட்டால் நாளைக்கே கூட்டிக்கொண்டு வாறன்." கொடையாளரைத் தனியாகக் கதைக்க விடமாட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று முதலில் கேட்பார், குருதி வகையைப் பிறகுதான் கேட்பார். தேவைப்பட்டால் மச்சான் முறை என்று கடிதமும் செய்து தருவதாகச் சொல்வார். இந்தக் கடைசி வசனம் வந்ததும் போனை வைத்துவிடுங்கள். 2022இன் கடைசியில் கொழும்பின் வறிய குடியிருப்புகளைச் சேர்ந்த சிலர், பேசிய காசைத் தராமல் தங்கள் சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள் என்று முறையிட்டது நாடறிந்த செய்தி. ஏமாறுவது நோயாளி வீட்டார் மட்டுமில்லை.

உறவில்லாத ஒருவர் கொடுக்க முன்வந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எப்படிப் பழக்கம், ஏன் கொடுக்கிறார், காசு கைமாறியதா என்று அங்கே கேள்வி வரும். விளம்பரத்தில் பிடித்த ஆள் அங்கேதான் தடுமாறுவார். ஆகவே பத்திரிகை கடைசி வழி. போடத்தான் வேண்டும் என்றால் சன்மான வரி இல்லாமல், வேறொருவரின் இலக்கத்தோடு போடுங்கள்.

துண்டுப்பிரசுரத்துக்குப் பத்துக்கு நான்கு. ஏ5 அளவில் கறுப்பு வெள்ளையே போதும், வர்ணத்துக்குக் கொடுக்கும் காசு வீண். கொழும்பில் சிங்களப் பிரதி கட்டாயம் வேண்டும். ஆனால் கடைக்காரர் கணினியில் மொழிபெயர்த்துத் தருவதை நம்பி அச்சடிக்காதீர்கள். சிங்களம் தெரிந்த அயலவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துத் திருத்துங்கள். டயலிசிஸ் கதிரையில் குழாய்களோடு கிடக்கும் படத்தைப் போடுவது பலரின் வழக்கம். பார்ப்பவர் பயந்து கண்ணை எடுத்துவிடுவார். கலியாண வீட்டில் எடுத்த சாதாரணப் படம் மேல். கோயில் பலகையில் ஒட்டத் தர்மகர்த்தாவிடம் கேட்க வேண்டும், தேவாலயத்தில் பங்குத்தந்தையிடம். திகதி போட மறக்க வேண்டாம். ஆள் இறந்து இரண்டு வருசமாகியும் மஞ்சளாகிப் போன நோட்டீஸ் தொங்கும் பலகைகள் இந்த நகரத்தில் உண்டு.

பேஸ்புக் தூரம் போகும், ஆழம் போகாது. பகிர்ந்தவருக்குத் தன் கடமை முடிந்த நிம்மதி, அவ்வளவுதான். கிளினிக் அட்டை, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே பதிவில் போடுகிறவர்களும் உண்டு. சிகிச்சைக்குக் காசு கேட்கும் பதிவும் கொடையாளர் கேட்கும் பதிவும் ஒருநாளும் ஒன்றாக இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், சேர்ந்த காசு யாருக்குப் போனது என்ற கேள்வி பிறகு உங்கள் கொடையாளரைத்தான் சுடும்.

வட்ஸ்அப்பும் தொலைபேசியும்தான் எங்கள் தெரிவு. செலவு இல்லை, பத்துக்கு எட்டு. குறையும் இரண்டு புள்ளியும் அதைப் பயன்படுத்தும் விதத்துக்காக.

செய்தியை நோயாளியே அனுப்புவதுதான் வழமையான பிழை. அண்ணன் நேரே கேட்டால் தம்பியால் இல்லை என்று சொல்ல முடியாது; ஓம் என்று சொல்லிவிட்டுப் போனை எடுக்காமல் விடுவான். கேட்பதற்கென்று ஒருவரை வையுங்கள்: தாய்மாமன், மச்சான், கூடப் படித்த சிநேகிதன், யாராவது பொறுமையான ஆள். நோய் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், "முடியாது" என்ற பதிலை முகம் சுளிக்காமல் வாங்கத் தெரிந்திருக்க வேண்டும், யார் யார் யோசிக்கிறார்கள் என்பதை நோயாளியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்க வேண்டும். முதலில் நெருங்கியவர்களைத் தனித்தனியே போனில் பிடியுங்கள். எடுத்த எடுப்பில் குடும்பக் குழுவில் போட்டால் கை கும்பிடும் படங்கள் வரிசையாக வரும், அதோடு சரி. குடும்பக் குழு, ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை எல்லாம் அதற்குப் பிறகு.

செய்தி ஒரு போன் திரைக்குள் அடங்க வேண்டும். இப்படி:

"எங்கட பெரியண்ணாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யேல்லை. கிழமையில மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம் டயலிசிஸ். உயிரோட இருக்கிற ஒருவர் ஒரு சிறுநீரகம் தந்தால் மாற்றலாம் எண்டு டொக்டர்மார் சொல்லியிருக்கினம். அண்ணா பி வகை. பி அல்லது ஓ வகைக்காரர் தரலாம், பொசிட்டிவ் நெகட்டிவ் பார்க்கத் தேவையில்லை. நீங்கள் தரவேணும் எண்டு கேட்கேல்லை. விசயத்தை அறிஞ்சு, தெரிஞ்ச ஆக்களுக்குச் சொல்லுங்கோ. யோசிக்கிறவை என்னோட கதையுங்கோ, அண்ணாவுக்கு இப்ப சொல்லத் தேவையில்லை. காசுக் கொடுக்கல் வாங்கல் கிடையாது."

இதில் வேலை செய்யும் வரி "நீங்கள் தரவேணும் எண்டு கேட்கேல்லை" என்பது. அது இல்லாவிட்டால் வாசித்தவர் பதிலே போடமாட்டார்.

பிறகு கேள்விகள் வரும், உங்கள் சார்பில் கேட்பவர் பதிலோடு தயாராக இருக்க வேண்டும். கொடுத்தவர் சாவாரா? சத்திரசிகிச்சையால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ பத்தாயிரத்துக்கு மூன்று. இல்லவே இல்லை என்று சொல்லாதீர்கள். லப்பரஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளைகள் வழியே எடுத்தால் ஆஸ்பத்திரியில் சில நாள், வேலைக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு கிழமை, அதுவரை பாரம் தூக்கக்கூடாது. வெட்டித் திறந்து எடுத்தால் இன்னும் கூட. மிஞ்சும் சிறுநீரகம் வேலையைக் கூட்டிக்கொள்ளும், ஆனாலும் வருசத்துக்கு ஒருமுறை பிரஷர், கிரியாற்றினின் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். டைக்குளோபினாக் போன்ற நோக்குளிசைகளை நினைத்தபடி போடக்கூடாது. பெற்றுக்கொண்டவர் வாழ்நாள் முழுக்க மருந்து எடுக்க வேண்டும், மாற்றிய சிறுநீரகமும் நிரந்தரமில்லை. உயிருள்ளவரிடம் பெற்றது சராசரியாகப் பதினைந்து, இருபது வருசம் ஓடும் என்பதையும் மறைக்க வேண்டாம்.

பரிசோதனைகளை மலிவானதில் தொடங்குங்கள். குருதி வகை, பிரஷர், சீனி, சிறுநீரில் புரதம். பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுவார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டால் மனம் உடையாது. எங்கள் குடும்பங்களில் சீனி வருத்தம் இல்லாத வீடு எங்கே? அடுத்து கிரியாற்றினின், ஸ்கேன். அதைத் தாண்டினால் இழைய வகைப் பரிசோதனையும், நோயாளியின் இரத்தம் கொடையாளரின் கலங்களை எதிர்க்கிறதா என்று பார்க்கும் குறொஸ்மச்சும். இரத்தக் குழாய்களைப் பார்க்கும் சிடி அஞ்சியோகிராம் பின்னால்தான். மாளிகாவத்தைத் தேசிய சிறுநீரக நிறுவனம் போன்ற அரச இடங்களில் சிகிச்சை இலவசம், என்றாலும் ஏதாவது ஒரு பரிசோதனையை வெளியே செய்ய நேர்ந்தால் அதற்குக் கொஞ்சம் காசு ஒதுக்கி வையுங்கள்.

சில இடங்களில் கணக்குப் பிழைக்கும். பிள்ளை பெற்ற மனைவிக்குக் கணவன் கொடுக்க வந்தால், கர்ப்ப காலத்தில் மனைவியின் உடலில் உருவான எதிர்ப்பொருள் குறொஸ்மச்சைக் கெடுக்கலாம். இரத்தம் ஏற்றுவதும் அதையே செய்யும். ஆகவே தேடல் நடக்கும் காலத்தில் இரத்தம் ஏற்றச் சொன்னால், வேறு வழி உண்டா என்று டொக்டரிடம் கேளுங்கள். நோய் பரம்பரை நீர்க்கட்டிச் சிறுநீரகம் என்றால் கூடப்பிறந்தவர்களுக்கு முதலில் ஸ்கேன். ஐம்பத்தெட்டு வயதுச் சித்தியை வயதுக்காக ஒதுக்க வேண்டாம். சுகதேகியாக இருந்தால், சீனி எல்லையில் நிற்கும் இருபத்தைந்து வயது மகனைவிட அவரே நல்ல கொடையாளர்.

உலகெங்கும் உயிருள்ள கொடையாளர்களில் பெண்களே அதிகம். எங்கள் வீடுகளில் அது யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை: கலியாணமாகாத தங்கச்சி, வேலைக்குப் போகாத மனைவி. விருப்பமில்லாதவர் டொக்டரிடம் தனியாகச் சொன்னால் போதும். "மருத்துவ ரீதியில் பொருந்தவில்லை" என்று மட்டும் வீட்டாருக்குச் சொல்வது மாற்றுச் சிகிச்சைக் குழுக்களின் வழக்கம். கேட்பவர் இதை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஒருவர் கிடைத்ததும் "ஆள் கிடைச்சிட்டு, நன்றி" என்று குழுவில் போட அவசரப்படாதீர்கள். சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்னர் குறொஸ்மச்சை மறுபடியும் பார்ப்பார்கள், அதிலும் தவறலாம். இரண்டாவது ஆளின் பெயரும் இலக்கமும் கேட்பவரின் கொப்பியில் இருக்கட்டும்.