வீணைக்கு அருகில் ஒரு தொடுதிரை: டேப்லெட்டின் வழியாக வீட்டு ஒலிப்பதிவு

வீட்டில் தனியாக ஒலிப்பதிவு செய்பவர்மீது வாசிக்கும் வேலையும் பதிவுசெய்யும் வேலையும் ஒருசேர விழுகின்றன. வீணை வாசிப்பவருக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல். சம்மணமிட்டு, குடத்தை வலப்பக்கம் தரையில் பொருத்தி, சுரைக்குடுக்கையை இடத்தொடையில் தாங்கி அமர்ந்தபின் ஒரு பொத்தானை அழுத்துவதற்காக எழுந்தால், வாத்தியத்தை இறக்கிவைக்க வேண்டும். திரும்பி வந்து அமரும்போது மைக்குக்கும் குடத்துக்கும் இடையே இருந்த தூரமும் கோணமும் மாறியிருக்கும். ஒரே பாடலின் இரண்டு பதிவுகளைச் சேர்க்கும்போது நாதம் ஒட்டாமல் தனித்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அதன் விசிறியின் இரைச்சல், மெல்லிய ஓசையையும் பிடித்துவிடும் கண்டென்சர் மைக்கில் விழுகிறது. ஆகவே கணினியை அறையின் மறுகோடியில் வைத்துவிட்டு, விசிறியே இல்லாத ஐபேடை மட்டும் என் அருகில் வைத்துப் பதிவுசெய்யும் முறைக்கு மாறினேன். சில ஆண்டுகளாக அம்முறையிலேயே தொடர்கிறேன்.

நான் பயன்படுத்தும் ஒலிப்பதிவு மென்பொருள் ரீப்பர். அறுபது நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகு, தனிநபர் உரிமத்தை 60 டாலருக்கு வாங்கலாம். தொலைவிலிருந்து இயக்குவதற்கான வசதி அதற்குள்ளேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அமைப்புகளில் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான பகுதிக்குச் சென்று இணைய உலாவி இடைமுகத்தைச் சேர்த்தால், மென்பொருள் ஒரு முகவரியைக் காட்டும். அதே வைஃபையில் இருக்கும் டேப்லெட்டின் உலாவியில் அந்த முகவரியைத் திறந்தால், பதிவு, நிறுத்தம், ஒவ்வொரு டிராக்கின் (தனி ஒலித்தடத்தின்) ஒலியளவு, அதை ஒலிக்காமல் நிறுத்தும் மியூட், அதை மட்டும் ஒலிக்கவைக்கும் சோலோ எல்லாம் திரையில் வந்துவிடும். தனிச் செயலி எதையும் நிறுவ வேண்டியதில்லை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைக்க அங்கேயே இடமிருக்கிறது. வீட்டு வைஃபையைப் பலர் பயன்படுத்தும் இடங்களில் அதை விட்டுவிடக் கூடாது.

உலாவிப் பக்கம் தொடக்கத்துக்குப் போதுமானது. ஆனால் எனக்கு உண்மையில் பயன்பட்டது டச் ஓஎஸ்சி என்ற செயலியில் நானே அமைத்துக்கொண்ட பக்கம்தான். ஓஎஸ்சி என்பது 1990களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக இசை ஆய்வு மையத்தில் உருவான, இசைக் கருவிகளும் மென்பொருள்களும் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்புவதற்கான செய்திப் பரிமாற்ற முறை. ரீப்பரில் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை ஒரு பொத்தானுக்குக் கொடுத்துவிட்டால், தொட்டவுடன் அந்தச் செயல் நடக்கும். என் பக்கத்தில் நான்கே பெரிய பொத்தான்கள்: பதிவைத் தொடங்க, நிறுத்திச் சேமிக்க, நிறுத்திய கையோடு அந்தப் பதிவை அழித்துவிட, ஓடிக்கொண்டிருக்கும் பதிவில் ஓர் அடையாளம் வைக்க. மூன்றாவதன் எண் 40668, நான்காவதன் எண் 40157. அழிக்கும் பொத்தானை மற்றவற்றிலிருந்து விலக்கி, மேல் மூலையில் வேறு நிறத்தில் வைத்திருக்கிறேன்.

பொத்தான்கள் பெரிதாக இருக்க வேண்டியதற்கு வாத்தியமே காரணம். தந்தியின்மேல் வழுக்கிச் செல்வதற்காக இடக்கை விரல்களில் எண்ணெய் இருக்கும். அந்த விரல்களால் திரையைத் தொட்டால் கண்ணாடி மங்கிவிடும். வலக்கையின் ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மீட்டுவதற்கான கம்பிச் சுருள் மாட்டியிருக்கும். அது கண்ணாடியில் உரசும். எஞ்சியிருப்பது வலக்கைக் கட்டைவிரல் ஒன்றே. குடத்துக்கு அப்பால், வலப்பக்கம், சாய்வான தாங்கியில் டேப்லெட்டை வைத்து, கட்டைவிரலால் பார்க்காமலே தொடும் அளவுக்கு அமைத்த பிறகு, ராகத்தின் ஓட்டம் அறுபடாமல் ஒரு சங்கதியை மீண்டும் மீண்டும் வாசித்துப் பதிய முடிகிறது. அடையாளம் வைக்கும் பொத்தானுக்கு நான் கொடுக்கும் மதிப்பு மிகப் பெரிது. ஆலாபனையின் நடுவே ஒரு பிடி நன்றாக அமைந்தால், அடுத்த மூச்சுக்கு இடம் விடும்போது ஒரு தொடுதல் போதும். பிறகு நீண்ட பதிவு முழுவதையும் கேட்டுத் தேட வேண்டியதில்லை.

ஒலிக்கலவைக்கு டேப்லெட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்னணு இசைக் கருவிகளை இயக்கும் பழைய முறையான மிடியின் ஏழு பிட் கட்டளை, ஒரு ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) 128 படிகளாகப் பிரிக்கிறது. ஓஎஸ்சி தசம எண்களையே அனுப்புவதால் அந்த வரம்பு இல்லை. ஆனால் கண்ணாடியில் சில அங்குல நீளமே உள்ள கோட்டில் விரல் நகரும்போது அந்த நுட்பம் கைக்கு எட்டுவதில்லை. உண்மையான ஃபேடரில் விரல் நுனிக்கு இடம் தெரியும்; கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். தொடுதிரையிலோ விரல் எங்கே இருக்கிறது என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்படிக் கண் போன இடத்துக்குக் கவனமும் போய்விடுகிறது. கமகத்தின் அசைவு முடியும் இடத்தில் ஒலியளவை ஓர் இழை உயர்த்துவது போன்ற வேலைகளை நான் கணினியின் முன் அமர்ந்தே செய்கிறேன்.

டேப்லெட்டின் வழியாக ஒலி செல்வதில்லை, கட்டளைகள் மட்டுமே செல்கின்றன. எனவே வைஃபை நடுவில் அறுந்தாலும் கணினியில் பதிவு தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும். தொடுதலுக்கும் செயலுக்கும் இடையே சிறிய தாமதம் இருந்தாலும், பதிவு தொடங்கிய பிறகு சற்றுப் பொறுத்து வாசிப்பதால் அது பாதிப்பதில்லை. ஆனால் ஓஎஸ்சி செய்திகள் பெரும்பாலும் யூடிபி முறையில் செல்பவை; ஒரு செய்தி தவறிப்போனால் அது தானாக மீண்டும் அனுப்பப்படுவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அயல்வீட்டு ரூட்டர்களின் நெரிசல் அதிகம் என்பதால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது நல்லது. ரூட்டரில் கணினிக்கு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கிவிட்டால், ஒவ்வொரு முறையும் முகவரியைத் தேடும் வேலை மிச்சம்.

சத்தம் குறித்த கவனமும் வேண்டும். தாங்கிக்கு அடியில் ஒரு மடித்த துணி இல்லையென்றால் தொடும் ஓசை தரைவழியாக மைக்கை எட்டும். வீணையில் ஒட்டி அதன் அதிர்வை நேரடியாக எடுக்கும் பிக்கப் பயன்படுத்துபவர்கள் பதிவின்போது டேப்லெட்டைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட வேண்டும்; மலிவான சார்ஜர்கள் மெல்லிய இரைச்சலைக் கலந்துவிடுகின்றன. திரை தானாக அணையாதபடி அமைத்து, ஐபேடின் கைடட் ஆக்சஸ் வசதியால் ஒரே செயலியில் நிறுத்திவைத்தால் அறிவிப்புகளின் தொல்லையும் இல்லை.

நீண்டகாலத்தில் கவலை தருவது செயலிகளின் ஆயுள். 2017இல் வந்த ஐஓஎஸ் 11, 32 பிட் செயலிகளை ஏற்க மறுத்தது. தொடுதிரையால் இசை மென்பொருள்களை இயக்குவதில் முன்னோடியான லெமூர் செயலியின் விற்பனை 2022இல் நிறுத்தப்பட்டது. பின்னர் வேறொரு நிறுவனம் அதை மீண்டும் வெளியிட்டது. இதனால்தான் டச் ஓஎஸ்சி எவ்வளவு பிடித்திருந்தாலும், உலாவி இடைமுகத்தையும் எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன். அதற்குப் பழைய டேப்லெட்டே போதும் என்பதால், இந்த வேலைக்கென்று புதிதாக ஒன்றை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மிருதங்கக் கலைஞர் உடன் வாசிக்கும் நாட்களில் உலாவி இடைமுகத்தின் இன்னொரு பக்கம் கைகொடுக்கிறது. ‘மோர் மீ’ என்ற பெயரில் ரீப்பருடனேயே வரும் அந்தப் பக்கத்தைத் தம் கைபேசியில் திறந்து, தம் ஹெட்போனில் வீணை எவ்வளவு, தம்புரா எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அவரே சரிசெய்துகொள்கிறார். ஒவ்வொருவருக்கும் தனி ஹெட்போன் கலவை இருக்க வேண்டுமென்றால் மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இடைமுகக் கருவியில் அதற்கான தனி வெளியீடுகள் இருக்க வேண்டும். வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.