வேம்பா, மஞ்சளா, கடற்பாசியா: பெண்ணுடலின் காவலுக்கு எது துணை?

டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் நான் வளர்ந்த வீட்டில், பிள்ளை பெற்றவளுக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய வெந்நீர்தான் குளிக்க. வெள்ளைப்படுதல் என்று எந்தப் பெண்ணாவது முனகினால், அதே நீரைக் கொண்டு உள்ளேயும் கழுவிவிடச் சொல்வார் ஆயா. வெளியே ஊற்றுவதும் உள்ளே செலுத்துவதும் ஒன்றல்ல என்பதே இந்த ஒப்பீட்டின் தொடக்கம்.

பெண்ணின் பிறப்புறுப்புப் பாதை ஏற்கெனவே காவல் உள்ள இடம். யோனிச் சுவரின் உயிரணுக்கள் அடுக்கடுக்காய் அமைந்து தடுப்பாகின்றன; அதன் மேல் சளியும், அதில் கலந்த எதிர்ப்புப் புரதங்களும் இருக்கின்றன. இவற்றோடு, தயிர்க் கிருமியின் இனமான லாக்டோபாசில்லஸ் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அமிலத்தன்மையை pH அளவுகோலில் சுமார் 4 என்ற அளவில் வைத்திருக்கிறது. டர்பனை அடுத்த உம்லாசியில் இளம்பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், இந்தக் கிருமி குறைந்து வேறு பல கிருமிகள் குடியேறியவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. ஆகவே ஒரு மூலிகைச் சாறு எத்தனை கிருமிகளைக் கொல்கிறது என்பதைவிட, எவற்றை விட்டுவைக்கிறது என்றே முதலில் கேட்க வேண்டும்.

வேம்பிலிருந்து தொடங்கலாம். டில்லியில் ஜி. பி. தல்வார் குழுவினர் உருவாக்கிய பிரானீம் என்ற யோனி மருந்தில் வேம்புச் சாறும் பூவந்திக்கொட்டையின் சபோனினும் சேர்ந்திருந்தன. சபோனின் என்பது நுரைக்கும் பொருள். தலைக்குத் தேய்க்கும்போது அழுக்கை எடுப்பதுபோலவே கிருமியின் மேலுறையையும் கரைக்கும். எனக்கு உறுத்துவது இங்கேதான். நொனாக்சினால்-9 என்ற செயற்கை நுரைப்பொருளும் சோதனைக் குழாயில் எச்.ஐ.வி.யைக் கொன்றது. தென்னாப்பிரிக்கா உள்பட நான்கு நாடுகளில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் அதைப் பரிசோதித்தபோது, அந்தக் களிம்பைப் பயன்படுத்திய 376 பேரில் 59 பேருக்கும், மருந்தற்ற களிம்பு பெற்ற 389 பேரில் 45 பேருக்கும் தொற்று ஏற்பட்டது. சுவரையே அது அரித்து விட்டிருந்தது. இந்த முடிவு 2000ஆம் ஆண்டு எங்கள் டர்பனில் கூடிய உலக எய்ட்ஸ் மாநாட்டிலேயே அறிவிக்கப்பட்டது. பூவந்தியும் அப்படியே செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே வகை வேலையைச் செய்யும் பொருள்களை ஒரே வகைச் சந்தேகத்தோடு பார்ப்பதுதான் முறை.

வேப்பெண்ணெய்க்கு வேறொரு முகம் உண்டு. எலிகளின் கருப்பையில் ஒரே முறை செலுத்தியபோது அது அங்குள்ள நோயெதிர்ப்பு உயிரணுக்களைத் தூண்டி, சில மாதங்கள் கரு தங்காமல் செய்தது. பிறகு கருவுறும் திறன் திரும்பியது. எதிர்ப்பாற்றலைக் கூட்டுவது எப்போதும் நன்மை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்: கருவைச் சுமக்கக் கருப்பை தன் எதிர்ப்பை அடக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் எதிர்த்திசையில் போகிறது. ஆய்வகத்தில் வளர்த்த பிறப்புறுப்பு உயிரணுக்களில் அது அழற்சியைத் தணித்ததோடு, எச்.ஐ.வி.யின் உறைப் புரதம் உயிரணுக்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துவதையும் தடுத்தது. அழற்சியே வைரஸ் குறிவைக்கும் உயிரணுக்களை அந்த இடத்துக்கு வரவழைப்பதால் இது சரியான இலக்கு. தல்வார் குழுவின் அடுத்த மருந்தான பசந்த்தில் குர்க்குமினோடு நெல்லி, கற்றாழை, பன்னீர் ஆகியவையும் உண்டு; பூவந்தியும் கூடவே வந்துவிட்டது என்பதுதான் குறை. கறியில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பலனை எதிர்பார்க்க வேண்டாம், குடல் அதை மிகச் சிறிதளவே உள்வாங்குகிறது.

மூன்றாவதான செம்பாசிச் சாறு, அதாவது கராகீனன், கிருமியைக் கொல்வதில்லை. வழுவழுப்பாகப் படர்ந்து ஒட்டவிடாமல் தடுப்பதே அதன் வேலை. எங்கள் பக்கத்து ஊரான இசிபிங்கோவும் கேப்டவுனின் குகுலெத்துவும் பிரிட்டோரியா அருகே சோஷாங்குவேயும் சேர்ந்து 6,202 பெண்களிடம் 2004 முதல் 2007 வரை அதைப் பரிசோதித்தன. தீங்கில்லை, எச்.ஐ.வி.யைத் தடுக்கவும் இல்லை. பாதிக்கும் குறைவான உறவுகளிலேயே களிம்பு பூசப்பட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருந்தும் மூன்றில் நான் மதிப்பது இதைத்தான்: காவலைக் கெடுக்காமல் தோற்ற மருந்து இது ஒன்றே.

வீட்டு வைத்தியத்துக்கு இந்த மூன்றில் எதையும் உள்ளே செலுத்த நான் சொல்லமாட்டேன். நாற்றமோ அரிப்போ உள்ள வெள்ளைப்படுதலுக்குக் கிளினிக்கில் மருந்து உண்டு, கர்ப்பிணிகள் வேம்பை உள்ளுக்கு எடுப்பதே கூடாது. இன்னொன்று, இங்கே வேப்பிலை என்று பறிப்பது பல நேரம் சிரிங்கா எனப்படும் மலைவேம்பு. காம்பின் இருபுறமும் இலைகள் நேராக வரிசையிட்டால் வேம்பு, காம்பே மறுபடி கிளைத்தால் மலைவேம்பு. வேம்பின் பூ வெள்ளை, இதன் பூ ஊதா. மலைவேம்பின் காய் நஞ்சு.