பத்து வருஷமாக 'ஹவ் இட்ஸ் மேட்' பார்க்கிறேன்

டிவியில் நான் இத்தனை காலம் விடாமல் பார்த்தது இந்த ஒரு நிகழ்ச்சியைத்தான். கதை கிடையாது, தொகுப்பாளர் கிடையாது. இயந்திரம் ஓடும், பின்னணியில் ஒரு குரல் விளக்கும். கனடாவின் கியூபெக்கில் தயாராகி 2001-இல் தொடங்கிய நிகழ்ச்சி இது. தொழிற்சாலையில் பொருட்கள் எப்படித் தயாராகின்றன என்று காட்டுவார்கள்; அரை மணி நேரத்தில் மூன்று, நான்கு பொருட்கள் வரும். முதல் எபிசோடில் அலுமினியத் தாள், ஸ்னோபோர்டு, கான்டாக்ட் லென்ஸ், பிரெட். ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது.

எங்கள் வீட்டில் அலுமினியத் தாளால் ஒரு பழைய வழக்கு உண்டு. சப்பாத்தியைச் சுற்றும்போது பளபளப்பான பக்கம் உள்ளேயா, வெளியேயா? தாளை உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டு மெலிதாக்குகிறார்கள். கடைசிச் சுற்றில் ஒற்றைத் தாள் கிழிந்துபோகும் என்பதால் இரண்டைச் சேர்த்து விடுகிறார்கள். உருளையில் பட்ட பக்கம் மின்னுகிறது, தாளோடு தாள் ஒட்டிய பக்கம் மங்கிவிடுகிறது. மற்றபடி சப்பாத்திக்கு இரண்டும் ஒன்றுதான். மனைவி ஒப்புக்கொண்டுவிட்டாள். மாமியார் இன்னும் இல்லை.

இதைத் தனியாகப் பார்ப்பதற்கும் அப்பாவோடு பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். அவர் கோவையில் முப்பது வருஷம் லேத் பட்டறையில் இருந்தவர். பென்சில் செய்வதை ஒரு நாள் பார்த்தோம். கிராஃபைட்டையும் களிமண்ணையும் பிசைந்து, கம்பியாகப் பிழிந்து, சூளையில் சுட்டு, மெழுகில் ஊறவைக்கிறார்கள். பலகையில் வரிசையாகக் காடி வெட்டி அந்தக் கம்பிகளை வைத்து, மேலே இன்னொரு பலகையை ஒட்டி, அதன்பிறகுதான் தனித்தனிப் பென்சிலாக அறுக்கிறார்கள். அப்பா உடனே பேத்தியின் பையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் அடிப்பக்கத்தில் ஒட்டுக்கோட்டைத் தேடினார். இருந்தது.

ஆனால் அவருக்கு ஒரு தீராத குறை. "எல்லாம் ஓடுறதைத்தான் காட்டுறான் கண்ணு, செட்டிங்கைக் காட்டவே மாட்டேங்கிறான்" என்பார். டையை, அதாவது அச்சைப் பூட்டி, அளவு பார்த்து, நாலு பீஸ் வீணாக்கி, மறுபடி கழற்றி மாட்டுவதில்தான் வேலையே இருக்கிறது என்பது அவர் கட்சி. யோசித்தால் சரிதான். இங்கே எந்த இயந்திரமும் மக்கர் செய்வதில்லை. கையுறை போட்ட கைகள் வருகின்றன, அந்தக் கைக்காரர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த அமைதிக்காகத்தான் ராத்திரியில் நான் இதைப் போடுகிறேன் என்பதும் உண்மை. ஆங்கிலக் குரல் அவ்வப்போது அவிழ்த்துவிடும் சிலேடைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹாட் டாக் இறைச்சி செய்யும் பகுதியைச் சாப்பிடும் நேரத்தில் பார்க்காதீர்கள். அப்புறம், வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கண்ணில் பட்ட எபிசோடைப் போடலாம்.

ஒரே ஒரு தடவை, என்ன பொருள் என்பதுகூட மறந்துவிட்டது, இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு தொட்டி நிறையக் கழித்துப்போட்ட துண்டுகள் தெரிந்தன. கேமரா இரண்டு நொடிகூட நிற்கவில்லை. அப்பா ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி, பின்னால் ஓட்டி, மூன்று முறை பார்த்தார்.