ரூன் பதித்த வாள்: செய்கூலி இல்லை, சேதாரம் உண்டு

குறுவை அறுத்து முடித்து, தாளடி நடவுக்கு ஆள் கிடைக்காமல் காத்திருந்த நாட்களில்தான் டயாப்லோ 2 ரிசரெக்டட் என்ற வீடியோ கேம் வாங்கினேன். பாபநாசம் பக்கத்துக் கிராமம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மழையும் தவளைச் சத்தமும்தான், வேறு பொழுதுபோக்கு கிடையாது. கேமில் கதை, பேய், பிசாசு எல்லாம் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ரூனை, அதாவது ஆயுதத்திலும் கவசத்திலும் பதிக்கிற மந்திர எழுத்துக் கல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் மூன்று மாதமாக என்னைப் பிடித்து உட்கார வைத்திருப்பது அதுதான்.

மூலக் கேம் 2000-இல் வந்தது. ரூன்கள் 2001-இல் வந்த லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன் விரிவாக்கத்தில் சேர்ந்தவை. 2021-இல் மெருகேற்றி வெளியிட்ட பதிப்பிலும் அந்த முறையின் அடிப்படை மாறவில்லை. மொத்தம் 33 ரூன், எல்-லில் ஆரம்பித்து ஸோட்-டில் முடியும். வாளில் குழி இருந்தால் கல் பதிக்கிற மாதிரி பதிக்கலாம். ரால் பதித்தால் நெருப்பு, தூல் பதித்தால் குளிர், தால் பதித்தால் விஷம். இதுவரைக்கும் எந்த கேமிலும் இருப்பதுதான்.

விஷயமே ரூன்வேர்டில்தான் இருக்கிறது. சரியான ரூன்களை, சரியான வரிசையில், அதே எண்ணிக்கையில் குழி உள்ள ஆயுதத்தில் போட்டால் அந்த வாளுக்கே ஒரு பெயர் வந்து, எங்கிருந்தோ கூடுதல் சக்தி ஏறும். ஆனால் வாள் வெறும் சாம்பல் நிறப் பெயர் கொண்டதாக இருக்க வேண்டும். மந்திரம் ஏறிய நீலம், மஞ்சள், தங்க நிறப் பொருள் எதுவும் ஆகாது. எனக்குப் பிடித்தது இதுதான். அதுவரை தரையில் கிடந்தால் குனிந்துகூட எடுக்காத சாம்பல் கத்தியை அன்றிலிருந்து ஓடி ஓடிப் பொறுக்க ஆரம்பித்தேன்.

முதலில் செய்தது ஸ்டீல். இரண்டு குழி வாளில் டிர், அப்புறம் எல். இரண்டுமே கடைசி ரகம், தெருவில் கிடக்கிற ரூன், ஆனாலும் வீச்சு வேகம் 25 சதவீதம் கூடியது கையிலேயே தெரிந்தது. அடுத்து கவசத்தில் தால், எத் போட்டு ஸ்டெல்த். நடையும் மந்திர வேகமும் ஒரே நேரத்தில் ஏறியதும் வேறு கேமுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. இதையே எத், தால் என்று மாற்றிப் போட்டால் பெயர் வராது, ரூன் இரண்டும் மாட்டிக்கொள்ளும்.

மாட்டியதை எடுக்க வழி உண்டு. ஹெல் ரூன் ஒன்று, ஊர் திரும்ப வழி திறக்கிற டவுன் போர்ட்டல் சுருள் ஒன்று, அந்த வாள், மூன்றையும் ஹொராட்ரிக் கியூப் என்ற மாயப் பெட்டியில் போட்டு மாற்றினால் குழி காலியாகிவிடும். ஆனால் பதித்த ரூன்கள் போனது போனதுதான். கும்பகோணத்தில் பாட்டியின் எட்டுக்கல் பேசரியைக் கழற்றிக் கட்டக் கொடுத்தபோது பத்தர் கல்லை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். இங்கே சேதாரம் நூற்றுக்கு நூறு.

என் கதைக்கு வருகிறேன். ஸ்பிரிட் என்ற ரூன்வேர்டு செய்ய ஆசை: தால், தூல், ஓர்ட், ஆம்ன், நான்கு குழி வாள். எல்லா வித்தைக்கும் இரண்டு கூடும், மந்திரக்காரிக்கு அதைவிட என்ன வேண்டும். ஆம்ன் மட்டும் வராமல் இழுத்தடித்து, கடைசியில் ஹெல்ஃபோர்ஜ் என்ற நரகக் கொல்லுலையில் விழுந்தது. கையில் நைட்மேர் என்ற இரண்டாவது கடினக் கட்டத்தின் பிற்பகுதியில் கிடைத்த கிரிஸ்டல் வாள் இருந்தது. ஐந்தாம் அங்கத்தில் வரும் லார்சுக் என்ற கொல்லனிடம் கொடுத்தால் குழி போட்டுத் தருவான், கூலி வாங்க மாட்டான், ஒரு கட்டத்துக்கு ஒரு தடவைதான். கொடுத்தேன். ஆறு குழி போட்டுக் கொடுத்துவிட்டான்! பொருளின் நிலை எண் ஏற ஏற குழியும் கூடும், அந்த வாளுக்கு அந்த எண் 40-ஐத் தாண்டினால் ஆறு என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். திருவையாற்றிலிருந்து வந்திருந்த அத்தை மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு குழி இருந்தா ஒரு பக்கப் பல்லாங்குழி ஆயிடும் மச்சான்" என்றான்.

நான் விளையாடிய பதிப்பில் இந்தக் கணக்கு எதையும் கேம் சொல்லித் தரவில்லை, ரூன் வரிசையையும்தான். உரக்கடை கொடுத்த டைரியில் எழுதி வைத்துத்தான் விளையாடினேன். சிலருக்கு இது எரிச்சல், எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது என்றே சொல்வேன்.

மேலே போகப் போகத்தான் அலுப்பு. ஒரே சின்ன ரூன் மூன்றைச் சேர்த்தால் அடுத்தது ஒன்று கிடைக்கும். எல்-லிலிருந்தே தொடங்கி பத்தாவதான தூல் ஒன்று செய்ய 19,683 எல் வேண்டும், மரக்கால் போட்டு அளக்க வேண்டியதுதான். எனிக்மா கவசத்துக்கு ஜா, இத், பெர் வேண்டும். அதில் பெர் முப்பதாவது, ஜா முப்பத்தொன்றாவது. இரண்டையும் நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

விட்சர் 3 என்ற இன்னொரு கேமில் வேறு மாதிரி. 2015-இல் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் பகுதியில் ஓஃபீரிலிருந்து வந்த ரூன் வினைஞன் ஒருவன், தொழில் தொடங்க முதலில் 5,000, பிறகு 10,000, அப்புறம் 15,000 கிரௌன் வாங்கிக்கொள்வான். சுத்தமாக செய்கூலிதான். பணத்தை எண்ணி வைத்தால் வேலை நடக்கும், அதனாலேயே எனக்கு ஒட்டவில்லை.

வேலை, வயல், வீடு என்று இருப்பவர்கள் தள்ளுபடி வரும்போது டயாப்லோவை வாங்கலாம். சின்ன ரூன்களோடு ஸ்பிரிட் வரைக்கும் விளையாடுங்கள், அதற்கு மேல் உங்கள் பொறுமை. பிராட் வாள் கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள், அதில் நான்கு குழிக்கு மேல் விழவே விழாது. என் ஆறு குழி வாள் இன்னும் பெட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.