கும்பகோணத்தில் வாங்கிய மூன்று சக்கர சைக்கிள்: பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

என் அக்கா மகளுக்குக் கடந்த ஆடி மூன்றாம் தேதி மூன்று வயது முடிந்தது. தாய்மாமன் என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்டதற்கு, எதிர்வீட்டுப் பையன் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியைக் கைகாட்டினாள். பிறந்தநாளுக்கு முதல் நாள் கும்பகோணம் போய் 2,650 ரூபாய் கொடுத்து ஒரு மூன்று சக்கர சைக்கிள் வாங்கி வந்தேன். பதினோராம் நாள் அதன் முன்பக்கம் முறிந்து விழுந்தது. குழந்தையின் தாடையில் மூன்று தையல்.

கடையின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நான் ஏமாந்த விதத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். இதே விதத்தில் யாரும் எந்த ஊரிலும் ஏமாறலாம்.

கடை வாசலில் கொக்கியில் ஒரு சிவப்பு வண்டி தொங்கியது. இறக்கித் தரச் சொல்லிப் பார்த்தேன். கட்டைவிரல் பருமனுக்கு இரும்புக் குழாய், அகலமான பின்சக்கரங்கள். கையூன்றி அழுத்தினேன், அசையவில்லை. "முழுக்க இரும்பு சார், 50 கிலோ தாங்கும்" என்றார் கடைக்காரர். இதையே கொடுங்கள் என்றேன். "அது தூசி படிந்த வண்டி சார். கிடங்கிலிருந்து புதுப் பெட்டி எடுத்துத் தருகிறேன்" என்றார். வந்த பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். "பரிசாகக் கொடுக்கப்போகிறீர்கள். அட்டையைக் கிழித்தால் நன்றாகவா இருக்கும்?" என்றார். அந்தப் பேச்சுக்கு மயங்கினேன். கயிறு கட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் பூட்டும்போதே குழாய் மெலிதாகத் தெரிந்தது. நிறம் அதே சிவப்புதான். ஆனால் கடையில் இரும்பாக இருந்த இருக்கைத் தாங்கி இதில் பிளாஸ்டிக். திருப்பிக் கொண்டுபோக வேண்டிய நேரம் அதுதான். குழந்தை அதற்குள் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துவிட்டாள். இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை என்னை அறுப்பது அந்த ஐந்து நிமிடம்தான்.

அக்கா வீடு சுவாமிமலைப் பக்கம். தெரு சிமெண்டுத் தளம். கோடியில் வாய்க்கால் படித்துறைக்குச் சரிவாக இறங்கும். விழுந்தது வீட்டு வாசலுக்கு நேரே, சமதரையில். ஓட்டிக்கொண்டிருந்தவள் ஹேண்டிலைத் திருப்பினாள். முன்சக்கரம், அதை இருபுறமும் பிடித்திருக்கும் கவையோடு தனியாகக் கழன்று ஒரு பக்கம் போனது. மொட்டைக் குழாய் தரையில் குத்தி நின்றது. ஹேண்டிலின் முனையில் தாடை மோதியது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்த நாள் அது. இதே முறிவு நாற்பது அடி தள்ளி அந்தச் சரிவில் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என் அக்கா இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இவ்வகை வண்டியில் பெடல் முன்சக்கரத்தோடு நேரடியாக இணைந்திருக்கும். பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது. சரிவில் வேகம் எடுத்தால் பெடல் தானே சுழலும், பிஞ்சுக் கால் அதில் நிற்காது. படித்துறை, குளம், வாய்க்கால் உள்ள தெருவில் வண்டி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். நம் டெல்டாவில் தண்ணீர் இல்லாத தெரு எது?

மறுநாள் உடைந்த வண்டியோடு கடைக்குப் போனேன். முந்தைய வாரம் "சார், சார்" என்றவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பெரியவர்கள் யாராவது ஏறியிருப்பார்கள்" என்றார். மூன்று வயதுக் குழந்தை தையலோடு படுத்திருக்கிறாள் என்றேன். "பில்லில் என்ன போட்டிருக்கிறது, பாருங்கள்" என்றார். பார்த்தேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று அச்சிட்டிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் மேலே இருந்தது: அது பில்லே இல்லை. எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பணத்தை மொபைலில் அனுப்பியிருந்ததால்தான் அங்கே வாங்கியதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

திரும்பும் வழியில் ஒரு வெல்டிங் பட்டறையில் நிறுத்தி, "இதைப் பற்றவைத்துத் தர முடியுமா அண்ணே?" என்று கேட்டேன். அவர் முறிந்த இடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் பொருக்காக உதிர்ந்தது, அடியில் துரு. கவையும் குழாயும் சேரும் இடத்தில் சுற்றிவர ஒரே கோடாகப் பற்றவைப்பு ஓடியிருக்க வேண்டும். இங்கே நான்கே புள்ளிகள், மிளகு அளவுக்கு. அவற்றிலும் இரண்டு ஒட்டவே இல்லை. "தம்பி, இதில் பற்றவைப்பே கிடையாது. நாலு பொட்டு வைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்" என்றார். பிறகு குழாயின் வாயைக் காட்டினார். தகரம் போலிருந்தது. "இதில் வெல்டிங் ராடு வைத்தால் ஓட்டைதான் விழும். குழந்தை ஏறும் வண்டி, நான் தொடமாட்டேன்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. அந்த மனிதருக்கு இருந்த அக்கறையில் பாதி விற்றவருக்கு இருந்திருந்தால் போதும்.

அதன்பின் பெட்டியை எடுத்து நிதானமாகப் படித்தேன். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். பெடல் வண்டியும் இதில் அடக்கம். என் பெட்டியிலும் முத்திரை இருந்தது. ஆனால் உண்மையான முத்திரைக்கு மேலே தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுமா என்று காட்டும். என் பெட்டியில் வெறும் படம்தான். தேடுவதற்கு எண்ணே இல்லை. தயாரித்தவர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. உரித்தேன். அடியில் வெள்ளை அட்டை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், பில் தர மறுப்பதும் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைகள். பில்லில் காலக்கெடு ஏதும் குறிப்பிடாவிட்டால், விற்றதிலிருந்து 30 நாள்களுக்குள் திரும்ப வாங்கிப் பணத்தைத் தர வேண்டும். சீட்டில் அச்சடித்த வரியைக் காட்டினால் நாம் பேசாமல் திரும்பிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அச்சடிக்கிறார்கள்.

ஆடிப்பெருக்கு வந்தபோது தாடையில் கட்டோடுதான் இருந்தாள். அன்று தெருப் பிள்ளைகளோடு சப்பரம் இழுத்துப் போனாள். அக்காவின் மாமனார் காலத்தில் உள்ளூர் ஆசாரி செய்து கொடுத்த மரச் சப்பரம் அது. ஆணி ஒன்றுகூட ஆடவில்லை. அடுத்த தெருவில் இருப்பவர் பிள்ளைக்குச் செய்யும்போது ஆசாரி பொட்டு வைத்துவிட்டுப் போக முடியாது அல்லவா?

குழந்தைக்கு வண்டி வேண்டும்தான். அடுத்த மாதம் தஞ்சாவூரில் வேறு கடையில் வாங்கினேன், அவளையும் அழைத்துக்கொண்டு போய். பெட்டியைப் பிரித்த பிறகுதான் பணம் எடுத்தேன். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, முன்கவை சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பற்றவைப்பு தடையில்லாமல் சுற்றி வர வேண்டும். இந்த ஒன்றைச் செய்திருந்தால் எனக்கு இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. பிறகு குழந்தையை உட்காரவைத்துப் பார்த்தேன். பெடல் கீழே போகும்போது முழங்கால் சற்று மடங்கியே இருந்தது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பெரிய அளவை வாங்கினால் எட்டி எட்டி மிதிக்கும் குழந்தை ஒரு பக்கம் சாயும். இருக்கை தாழ்வாகவும், பின்சக்கரங்கள் தள்ளி அகலமாகவும் இருந்தால் திரும்பும்போது கவிழாது. உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் சக்கரம் வழவழப்பான தளத்தில் வழுக்கிச் சும்மா சுற்றும். ரப்பர் சுற்றியதை எடுத்தேன். ஹேண்டில் முனைகளில் கனத்த ரப்பர் பிடி இருக்கிறதா என்று இருமுறை இழுத்துப் பார்த்தேன். அவள் தாடையைக் கிழித்தது உறை கழன்ற முனை.

போன வாரம் பழைய கடையிலிருந்து பேசினார்கள். ஆயிரம் ரூபாய் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். முழுப் பணமும், மருத்துவச் செலவும், கிடங்கில் மிச்சமிருக்கும் அதே பெட்டிகளை இனி விற்பதில்லை என்று எழுத்தில் உறுதியும் கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தஞ்சாவூரில் மனு கொடுக்க எழுதிக்கொண்டிருக்கிறேன். முறிந்த கவையும், பெட்டியும், துண்டுச் சீட்டும் ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக இருக்கின்றன.